சங்கராப் பாரும் ஒரு பொத்தானும்

என்னை நம்பிப் படகில் ஏற்றிக்கொண்டு போன ஒருவரின் பிழைப்பில் நான் மண்ணைப் போட்டேன். பழி அவருடைய தம்பி மேல் விழுந்தது. விழுந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

தெரியாமல் நடந்துவிட்டது என்று வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பின்னால் என் மனைவியிடம்கூட அப்படித்தான் சொன்னேன். தெரிந்துதான் நடந்தது. ஏன் செய்தாய் என்று கேட்டால் சொல்லும்படி ஒரு காரணமும் என்னிடம் இல்லை. அன்றைக்கு எனக்கு ரோஷம் வந்தது. அவ்வளவுதான்.

அப்போது பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். நான் உட்கார்ந்தால் எதிரே ஸ்டூலில் இன்னொருவர் உட்காரலாம், மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். அந்த அளவுக் கடை. வருகிற செட்டில் பாதி மீனவர்களுடையது. உப்புத் தண்ணீர் பட்ட செட்டை நம் ஊரில் பல கடைக்காரர்கள் தொடமாட்டார்கள். நான் பிரித்து, தின்னர் போட்டுத் துடைத்து, லைட்டுக்கு அடியில் காயவைத்து எழுப்பிவிடுவேன். சுனாமிக்கு அப்புறம் நிறைய பேருக்கு உதவியில் படகும் சாமானும் வந்தன. அதோடு ஜிபிஎஸ் மெஷினும் வந்தது. கை அளவுக் கருவி. கடலில் எங்கே நிற்கிறோம் என்று நம்பர் காட்டும், ஒரு இடத்தைக் குறித்துவைத்தால் திரும்ப அங்கேயே கொண்டுபோய் விடும். அதுவும் ரிப்பேருக்கு என் கடைக்குத்தான் வரும்.

அப்படிப் பழக்கமானவர்கள்தான் வைத்திக்குப்பத்து அண்ணன் தம்பி இருவரும். அண்ணனுக்கு ஐம்பது இருக்கும். தம்பிக்கு முப்பது. நான் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும்தான் வீட்டில் சொல்வேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஃபைபர் படகு. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களை வாடகைக்கு ஏற்றிக்கொண்டு போய்த் தூண்டில் போடவைப்பார்கள். ஓட்டல்காரர்கள் ஆள் அனுப்புவார்கள். வெள்ளைக்காரர்களும் வருவார்கள்.

அந்த வருடம் என் அக்காவோடு அவள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், லீவுக்கு வந்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர். பிரான்சிலேயே குடியிருக்கிறார். பிப்ரவரியில் குளிருக்குப் பயந்து இங்கே வருவார். அங்கே கடலோரத்தில் படகு வாடகைக்கு எடுத்து மீன் பிடிக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. வந்த நாளிலிருந்து, "மச்சான், இங்க ஒரு போட்டு புடி, பெரிய சங்கராவா புடிக்கணும்" என்று நச்சரித்தார். பெரியவரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

பார் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அடியில் பாறை மேடாக இருக்கும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். வெறும் மணலில் சங்கரா நிற்காது, பாரில்தான் கூட்டமாக நிற்கும். மேலே இருந்து பார்த்தால் எங்கும் ஒரே தண்ணீர். பார் இருக்கும் இடம் தெரிந்தவனுக்குத்தான் மீன். மெஷின் வருவதற்கு முன்னால் கரையில் தெரியும் உயரமான அடையாளங்களை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். லைட் ஹவுஸ் எதற்கு நேரே வருகிறது, மாதா கோயில் கோபுரத்துக்கும் தண்ணீர் டேங்குக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி தெரிகிறது, இப்படி ஒரு கணக்கு. மெஷின் வந்த பிறகும் பெரியவர் தன் பாரை மெஷினில் ஏற்றவில்லை. அது அவர் தலையில் இருந்தது. தம்பி தலையிலும் இருந்தது. மூன்றாவது தலையில் இல்லை.

கடலுக்குப் பட்டா கிடையாது. ஒருவன் தேடிக் கண்டுபிடித்த பாரில் இன்னொருவன் வந்து தூண்டில் போட்டால் ஊர்ப் பஞ்சாயத்தில் போய் நிற்க முடியாது. உன் அப்பன் வீட்டுக் கடலா என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் அவர்களுக்கு வேலி. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். கடைக்கு வருகிறவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஞாயிறு விடிவதற்கு முன் போனோம். படகைத் தள்ளி, அலையைத் தாண்டி, கொஞ்ச தூரம் போனதும் பெரியவர் இன்ஜினைக் குறைத்தார். சின்னவர் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார்.

"செல்லெல்லாம் இதுல போடுங்க. தண்ணி படாம கட்டி வெச்சிடுறேன்."

"என்து தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது" என்றார் மாமா.

"இருக்கட்டும் முசியே. கவருக்குள்ள இருந்தா இன்னும் ஒண்ணும் ஆவாது."

பிரான்சிலிருந்து வருகிறவர்களை எங்கள் ஊரில் ஐயா என்கிற மாதிரி அப்படித்தான் கூப்பிடுவார்கள். கொடுத்தோம். பிறகு பெரியவர் சொன்னார்: "ரெண்டு பேரும் கெழக்கப் பாத்து ஒக்காருங்க. கரையத் திரும்பிப் பாக்கக் கூடாது. ஒருவாட்டி பாத்தா சொல்லுவேன். ரெண்டாவது வாட்டி பாத்தா படகத் திருப்பிடுவேன்."

மாமா சிரித்தார். "ரெஜிமென்ட்ல கூட என்ன இப்படி ஒக்கார வெக்கலய்யா. பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட பொண்ண மறைக்கிற மாதிரி கரைய மறைக்கிறீங்களே."

"பொண்ணக்கூட காட்டிடுவோம் முசியே. இதக் காட்ட மாட்டோம்" என்றார் சின்னவர்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைக்காரனுக்கும் ஓட்டல்காரன் அனுப்புகிறவனுக்கும் இந்தச் சட்டம் சரி. எனக்குமா?

"அண்ணே, உங்க செட்ட நான் எத்தினி தடவ பிரிச்சி மாட்டி இருக்கேன். என்ன நம்ப மாட்டீங்களா?"

"நீங்க செட்டு பிரிக்கிறவரு கடக்காரரே. உங்களுக்கு எதுக்கு இது? கெழக்கப் பாருங்க, சூரியன் வரப்போவுது. நல்லா இருக்கும்."

குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் பிறந்து வளர்ந்த ஊர்க் கரையை நான் பார்க்கக் கூடாதாம். உண்மையில் பார்த்திருந்தாலும் எனக்கு ஒரு மண்ணும் புரிந்திருக்காது. லைட் ஹவுஸ் எதற்கு நேரே வந்தால் எனக்கென்ன? அது அவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் சொன்னார், ஏனென்றால் படகில் ஏறுகிற எல்லாருக்கும் அதுதான் முறை. சொந்தக்காரன் ஏறினாலும் கிழக்கே பார்த்துத்தான் உட்காருவான் என்று பின்னால் தெரிந்தது. அன்றைக்கு என்னை அவமானப்படுத்தியதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

என் சாப்பாட்டுப் பைக்குள் ஒரு ஜிபிஎஸ் மெஷின் இருந்தது. தெற்கே ஒரு குப்பத்தில் நாலு படகு வைத்திருக்கும் ஒருவருடையது. தண்ணீர் போய்ப் பொத்தான் வேலை செய்யவில்லை என்று கொடுத்திருந்தார். பொத்தான் ரப்பரை மாற்றிவிட்டேன். சாட்டிலைட் எடுக்கிறதா என்று திறந்த வெளியில் பார்க்க வேண்டும். மொட்டை மாடியில் பார்த்திருந்தால் போதும். எப்படியும் கடலுக்குப் போகிறோமே என்று பையில் போட்டுக்கொண்டேன். அதுவரை அதில் தப்பு இல்லை. கவரை நீட்டினபோது அதையும் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். செல்லைத்தானே கேட்டார்கள், இதைக் கேட்கவில்லையே என்று வக்கீல் மாதிரி மனதுக்குள் பேசிக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரம் ஓடியது படகு. நாங்கள் சூரியனைப் பார்த்துக் கண் கூசி உட்கார்ந்திருந்தோம். பெரியவர் எழுந்து நின்று எங்களுக்குப் பின்னால் இருந்த கரையைப் பார்த்தபடி, "கொஞ்சம் வடக்க, இன்னும், போதும்" என்று தம்பிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். இன்ஜின் நின்றது. ஈயக்குண்டு கட்டிய தூண்டில் நரம்பை இறக்கி, இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"கல்லு" என்றார். சின்னவர் நங்கூரத்தைப் போட்டார்.

கணவாய் மீனை நீளமாக அரிந்து தூண்டிலில் மாட்டிக் கொடுத்தார்கள். ரீல், கழி எதுவும் கிடையாது. வெறும் நரம்பு, கையில் சுற்றிக்கொள்ள வேண்டும். மாமாதான் முதலில் இழுத்தார். கீழே மங்கலாக ஏதோ ஒன்று திரும்பியது, பிறகு ரோஜா நிறமானது, தண்ணீருக்கு வெளியே வந்தபோது செக்கச்செவேல் என்று இருந்தது. இரண்டு கிலோவுக்குக் குறையாது. அடி ஆழத்திலிருந்து வேகமாக வந்ததால் அதன் வயிறு வாய் வழியாகப் பிதுங்கி நின்றது, கண் வெளியே தள்ளியிருந்தது. மாமா சின்னப் பையன் மாதிரி கத்தினார்.

"அங்கெல்லாம் நாள் பூரா ஒக்காந்தா ரெண்டு வரும் மச்சான். இங்க பாரு, கேட்டு வாங்கற மாதிரி வருது!"

உண்மைதான். போட்டால் கடித்தது. எனக்கும் மூன்று வந்தது. நாலாவது தூண்டிலை இறக்கும்போது எனக்குத் தலை சுற்றியது. நங்கூரம் போட்டு நிற்கும் படகு ஓடும் படகைவிட மோசமாக ஆடும். வாந்தி எடுத்தேன். எடுத்துவிட்டுப் பலகைக்கு அடியில் நிழலில் குனிந்து உட்கார்ந்தேன். பை மடியில் இருந்தது.

அங்கே வைத்துத்தான் செய்தேன். மெஷினைப் பைக்குள்ளேயே ஆன் பண்ணினேன். சாட்டிலைட் எடுத்தது. என் வேலை அதோடு முடிந்தது, அணைத்திருக்கலாம். இடத்தைக் குறிக்கிற பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். நம்பர் வந்தது. பெயர் கேட்டது. அந்த மெஷினில் ஒவ்வொரு எழுத்தாக அம்புக்குறியை நகர்த்தித் தேட வேண்டும். ஆங்கிலத்தில் சங்கரா என்று ஏற்றினேன். ஏழு எழுத்து. கை தவறி அமுங்கிவிட்டது என்று நான் சொன்னதெல்லாம் இந்த ஏழு எழுத்துக்கு முன்னால் நிற்காது. எந்த நிமிஷமும் நிறுத்தியிருக்கலாம். கிழக்கே பார்க்கச் சொன்னாயே, இப்போது என்ன செய்வாய் என்று நினைத்துக்கொண்டே தேடித் தேடி அமுக்கினேன்.

தோளில் ஒரு கை விழுந்தது. சின்னவர். பை ஜிப்பை இழுத்துவிட்டேன்.

"என்னா கடக்காரரே, காலைல எத்தினி இட்லி? எல்லாம் மீனுக்கே போச்சா? இந்தாங்க, மோரு. உப்பு தூக்கலா போட்டு எடுத்தாந்தேன், இந்த மாதிரி யாராச்சும் வருவாங்கன்னு."

முதுகைத் தடவிவிட்டார். நான் மோரைக் குடித்தேன்.

திரும்பி வந்ததும் கரையில் மீனைப் பிரித்தார்கள். பாதி எங்களுக்கு, பாதி படகுக்கு. பிரித்து முடித்த பிறகு பெரியவர் தன் பங்கிலிருந்து ஒரு பெரிய சங்கராவை எடுத்து என் பையில் போட்டார். "இது உங்க வூட்டுக்கு. புள்ளைங்களுக்கு முள்ளு பாத்து குடுங்க." நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று மத்தியானம் அக்கா வைத்த குழம்பை மூன்று முறை ஊற்றிச் சாப்பிட்டேன். குற்ற உணர்ச்சி அப்போதே வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை.

மூன்று நாள் கழித்து மெஷின்காரர் வந்தார். வேலை செய்கிறதா என்று பார்க்கப் பொத்தான்களை அமுக்கிக்கொண்டே போனார். அவர் குறித்துவைத்த இடங்களின் பட்டியல் வந்தது. கடைசியில் என்னுடையது.

"இது என்னா கடக்காரரே? நான் போட்டது இல்லியே."

டெஸ்ட்டுக்குப் போட்டேன், குப்பை, அழித்துவிடுங்கள் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமை அடித்தேன். கடலே தெரியாத செல்போன் கடைக்காரன் என்று என்னை நினைக்கிற ஆட்களுக்கு நடுவில் எனக்கும் ஒன்று தெரியும் என்று காட்ட ஆசை வந்தது.

"அங்கதாண்ணே ஞாயித்துக்கெழம நாங்க போட்டோம். ரெண்டு ரெண்டு கிலோ சங்கரா. எறக்கினா கடிக்குது."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. உடனே கையை நீட்டினேன். "குடுங்க, அத அழிச்சிடறேன். சும்மா டெஸ்ட்டுக்குப் போட்டது."

"இருக்கட்டும். ஒரு ஓரமா கெடக்குது" என்று மெஷினைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எழுந்து போய்விட்டார். கேட்டதற்கு மேலே நூறு ரூபாய் வைத்துவிட்டுப் போனார். நான் ஓடிப்போய்ப் பிடுங்கவில்லை. அந்த ஆள் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. திருடன் என்று மனதுக்குள் திட்டுவேன். அவன் என்ன திருடினான்? கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனான்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். பெரியவர் கடைக்கு வந்தார். தன்னுடைய மெஷினை மேஜை மேல் வைத்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும் கடக்காரரே. நான் ஏத்தாத எடத்த இது அதுவா ஏத்திக்குமா?"

"ஏன்ணே?"

"நம்ம பாருல ஆளு வந்துட்டான். தெக்கத்திப் படகு. மொதல்ல ஒண்ணு, அப்பறம் நாலு. தூண்டில் போட்டா பரவால்ல. வலைய எறக்கி இருக்கானுங்க. கல்லுல வலைய எறக்குவானா எவனாச்சும்? மாட்டிக்கிச்சு. அறுத்துட்டுப் போயிட்டானுங்க. இப்ப நான் தூண்டில் போட்டா வலதான் வருது. மீனு அதுல செத்துக் கெடந்து நாறுது."

நான் அவர் மெஷினைக் கையில் எடுத்தேன். போன பாதையைத் தானாகப் பதிவு செய்கிற வசதி ஒன்று அதில் உண்டு. அது ஆஃப் செய்து இருந்தது. குறித்த இடங்களைப் பார்த்தேன். மூன்றே மூன்று. ஒன்று துறைமுக வாய். மற்ற இரண்டும் அந்தப் பக்கமே இல்லை. ஆன் செய்து இருந்தது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ரிப்பேருக்கு என் கடையில் கிடந்தபோது யாரோ பார்த்து எழுதிக்கொண்டு போயிருப்பார்கள் என்று ஆகியிருக்கும், சின்னவர் தப்பியிருப்பார். ஆனால் அந்தப் பேச்சு என் கடைக்கு வரும். கடைக்கு வந்தால் அடுத்தது எனக்கு வரும்.

"இல்லண்ணே" என்றேன். "அதுவா ஏறாது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப ஆளுதான் சொல்லி இருக்கணும்."

நான் உண்மையைச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே கேவலமான உண்மை அதுதான். "ஆமாண்ணே" என்றேன்.

அவர் மெஷினை எடுத்துக்கொண்டார். "அந்த எடம் தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. ஒண்ணு நான்." சைக்கிளில் ஏறி மார்க்கெட் பக்கம் போனார்.

என்ன ஆயிற்று என்பதை எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா சொன்னாள். அவளும் வைத்திக்குப்பம்தான். கூடையை இறக்கினதும் சங்கராவைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்கை நீளம் இருந்தது.

"இது என்னா இவ்ளோ சின்னது?" என்றாள் என் மனைவி.

"பெருசு எங்க இருக்குது? பெருசு கொண்டாந்த அண்ணந்தம்பி ரெண்டும் அடிச்சிக்கினு பிரிஞ்சிபோச்சி. தம்பிக்காரன் பார வித்துட்டான்னு அண்ணன் சொல்றான். அவன் எம்புள்ள மேல சத்தியம்னு சொல்றான். கரைல அத்தினி பேரு முன்னாடி அண்ணன் கைய நீட்டிட்டான். வளத்த கைதான. அவன் திருப்பி அடிக்கல. பொண்டாட்டி புள்ளையக் கூட்டிக்கினு மங்களூர் பக்கம் போயிட்டான், போட்டு வேலைக்கு. யாருகிட்ட காசு வாங்கினானோ, யாரு கண்டா."

"காசு வாங்கி இருக்க மாட்டாரு" என்றேன்.

"உனுக்கு என்னா தெரியும்?" என்று மீன்கார அம்மா திருப்பிக் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கேட்டுவிட்டு மீனைக் கழுவப் போய்விட்டாள். அன்று வீட்டில் வாங்கின மீனை நான் தொடவில்லை. மனைவி காரணம் கேட்டபோது அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

ஏன் போய்ச் சொல்லவில்லை? பயம். என் கடையில் பாதி வருமானம் அந்தக் குப்பங்களிலிருந்து வந்தது. ஒருவருடைய பாரைக் காட்டிக்கொடுத்தேன் என்று தெரிந்தால் ஒருவரும் படியேற மாட்டார்கள். அடிக்கக்கூடச் செய்வார்கள். இந்தக் கணக்கை நான் தினமும் போட்டேன். போட்டுப் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினேன். நடுவில் மாமா பிரான்சிலிருந்து போனில் கேட்டார்: "அந்தப் போட்டுக்காரனுங்க எப்படி இருக்கானுங்க? அடுத்த தடவையும் போவணும்." நல்லா இருக்காங்க என்றேன்.

பெரியவர் அதற்குப் பிறகும் என் கடைக்குத்தான் வந்துகொண்டிருந்தார். சார்ஜர் வாங்குவார். ரீசார்ஜ் போடச் சொல்வார். மெலிந்துபோயிருந்தார். படகுக்குக் கூலிக்கு ஆள் வைத்திருந்தார், ஆள் நிலைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு யாரையும் ஏற்றுவதை விட்டுவிட்டார். ஒவ்வொரு முறை அவர் வரும்போதும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று நினைப்பேன். அவர் போன பிறகு, கடையில் ஆள் இருந்தது, எப்படிச் சொல்வது என்று காரணம் கண்டுபிடிப்பேன்.

ஒரு மழை நாள். தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கடையில் வேறு யாரும் இல்லை. பெரியவர் உள்ளே வந்து செல்லை நீட்டினார்.

"இதுல ஒரு நம்பர எடுத்துடணும். எனுக்கு எடுக்கத் தெரியல."

அவர் செட்டில் பெயர்களை ஏற்றினது எல்லாம் நான்தான். அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. பெயருக்கு முன்னால் நான் போட்டுக் கொடுத்த வரிசை எண்ணை நினைவு வைத்துக்கொண்டு கூப்பிடுவார்.

"எந்த நம்பர்ண்ணே?"

"ஒண்ணாம் நம்பரு."

ஒன்றாம் நம்பர் அவர் தம்பி. நான் ஏற்றும்போது, முதலில் யார் என்று கேட்டதற்கு, "அவந்தான், வேற யாரு" என்று சொன்னவர் இவர்.

"இருந்துட்டுப் போவட்டுமேண்ணே."

"வேணாம். கை பட்டு பட்டு போயிடுது. போன வாரம் அவன் எடுத்துட்டான். நானும் பேசல, அவனும் பேசல. காசு மட்டும் போவுது. எடுத்துடுங்க."

அழிக்கவா என்று செட் கேட்டது. கட்டைவிரலை வைத்தால் போதும். வைக்க முடியவில்லை. இவ்வளவு நாள் செய்ததை எல்லாம் செய்ய முடிந்தது. இதைச் செய்ய முடியவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. இதில் நல்ல குணம் என்று ஒன்றும் இல்லை. இதுவும் என் கையாலேயே நடக்க வேண்டுமா என்று ஒரு எரிச்சல் வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"சின்னவரு சொல்லலண்ணே. நான்தான் சொன்னேன்."

அவருக்குப் புரியவில்லை. "என்னா சொன்னீங்க?"

"பார. அன்னிக்கி என் பைல ஒரு ஜிபிஎஸ் இருந்துது. ரிப்பேருக்கு வந்தது. அந்தத் தெக்கத்தி ஆளோடது. எடத்தக் குறிச்சேன். அவன் வந்து இது என்னான்னு கேட்டான். நான்தான் இன்ன மாதிரி மீனு கெடைக்குதுன்னு சொன்னேன்."

அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எப்ப குறிச்ச?"

"வாந்தி எடுத்துட்டு ஒக்காந்தப்ப."

"அவன் உனுக்கு மோரு ஊத்திக் குடுத்தானே."

"ஆமா."

"தெரியாம குறிச்சியா?"

அவர் எனக்கு ஒரு வழி விட்டார். அதில் நுழைந்து வெளியே வந்திருக்கலாம். "தெரிஞ்சிதான்ணே. கெழக்கப் பாத்து ஒக்காரச் சொன்னீங்களேன்னு கோவம்."

"அதுக்கா?" என்றார். "அதுக்கா?" என்று இன்னொரு முறை கேட்டார். பதில் எதிர்பார்த்துத்தான் கேட்டார். பிறகு, "அந்த மெஷின எடுத்தாந்து ஒன்னக் கேட்டனே, அன்னிக்கி நீ ஆமான்னு சொன்னியே" என்றார்.

என் கையிலிருந்த செல்லைக் காட்டி, "எங்கிட்ட சொல்லி என்னா?" என்றார். "ஒண்ணாம் நம்பரப் போடு. அவன்கிட்ட சொல்லு."

போட்டேன். ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தபோது பின்னால் ஏகப்பட்ட சத்தம். ஏதோ துறைமுகம், இன்ஜின், ஆட்கள் புரியாத பாஷையில் கத்துவது. சின்னவர் ஹலோ என்று சொல்லவில்லை. எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார், போன வாரம் மாதிரியே.

"நான் செல்லு கடக்காரன் பேசறேன்" என்றேன். முழுவதையும் சொன்னேன். பெரியவர் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதையாவது விடுகிறேனா என்று பார்க்கிறார் என்று தோன்றியது. விடவில்லை. ஏழு எழுத்தையும் சொன்னேன். நூறு ரூபாயையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம். வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"அண்ணன் பக்கத்துல இருக்கறாரா?" என்றார் சின்னவர்.

"இருக்காரு. குடுக்கட்டுமா?"

"வேணாம்" என்றார். லைன் துண்டானது.

"என்னா சொன்னான்?" என்று பெரியவர் கேட்டார்.

"நீங்க இருக்கீங்களான்னு கேட்டாரு. குடுக்கட்டுமான்னேன். வேணாம்னு சொல்லிட்டாரு."

அவர் கையை நீட்டினார். செல்லைக் கொடுத்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், வேட்டியில் துடைத்தார், பிளாஸ்டிக் கவரில் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மழை விடவில்லை. நனைந்துகொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

யாரிடமும் அவர் என்னைப் பற்றிச் சொல்லவும் இல்லை. குப்பத்து ஆட்கள் எப்போதும் போல என் கடைக்கு வந்துகொண்டிருந்தார்கள். நான் ஒரு வருடம் பயந்தது எதுவுமே நடக்கவில்லை. அவர் மட்டும் வரவில்லை. அந்த நம்பரை அழிக்கச் சொல்லியும் வரவில்லை. வேறு கடையில் அழித்திருக்கலாம். ஊரில் கடைக்கா பஞ்சம்.